"ப்ரிஃபர்": பின்னால் "டு" வருமா, "தேன்" வருமா? தமிழில் எந்தச் சொல் பொருந்தும்?

சொல்தேடி கேட்டது:

வணக்கம். ஆங்கிலத்தில் "ப்ரிஃபர்" என்ற சொல் வரும் இடமெல்லாம் தடுமாற்றமாக இருக்கிறது. "ஐ ப்ரிஃபர் மார்னிங் ஷிஃப்ட் தேன் நைட் ஷிஃப்ட்" என்று ஒரு விண்ணப்பத்தில் எழுதினால், "தேன்" தவறு, "டு" போடு என்கிறார்கள். இரண்டை ஒப்பிடும்போது "தேன்" தானே வர வேண்டும்? "பெட்டர் தேன்", "பிக்கர் தேன்" எல்லாம் அப்படித்தானே?

அடுத்தது, "ஐ ப்ரிஃபர்", "ஐ வுட் ப்ரிஃபர்", "ஐ வுட் ராதர்" மூன்றையும் மாற்றி மாற்றிப் போடலாமா, அல்லது ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டா?

கடைசியாகத் தமிழ். அகராதியைப் பார்த்தால் "விரும்பு", "தேர்ந்தெடு", "முன்னுரிமை கொடு" மூன்றும் இருக்கின்றன. மூன்றும் ஒன்றில்லை என்று மட்டும் புரிகிறது. எதை எங்கே வைப்பது?

ஏடும் எழுத்தாணியும்:

திருத்தியவர்கள் சொன்னது சரி. ஏன் என்பதற்கான விடை சொல்லின் வேரிலேயே இருக்கிறது.

"ப்ரிஃபர்" லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். "ப்ரே" என்றால் முன்னால், "ஃபெர்ரே" என்றால் தூக்கிச் செல்வது. ஆக, ஒன்றைத் தூக்கி இன்னொன்றுக்கு முன்னால் வைப்பது. லத்தீனில் முன்னால் வைக்கப்படும் பொருள் இரண்டாம் வேற்றுமையிலும், பின்னால் நிற்கும் பொருள் நான்காம் வேற்றுமையிலும் வரும். அந்த நான்காம் வேற்றுமையின் இடத்தில்தான் ஆங்கிலம் "டு" போடுகிறது.

இதைத் தமிழில் பிடிப்பது மிக எளிது. நம் நான்காம் வேற்றுமை "கு". "நைட் ஷிஃப்டை விட" என்று நினைத்தால் கை தானாக "தேன்" எழுதும். "நைட் ஷிஃப்டுக்கு முன்னால் மார்னிங் ஷிஃப்டை வைக்கிறேன்" என்று நினைத்துப் பாருங்கள். அந்த "க்கு" தான் "டு". அதற்குப் பிறகு "தேன்" எழுத மனசே வராது.

"பெட்டர் தேன்", "பிக்கர் தேன்" பற்றிக் கேட்டீர்கள். "பெட்டர்", "பிக்கர்" இரண்டும் ஒப்பீட்டு வடிவில் உள்ள பெயரடைகள். "தேன்" அவற்றின் துணை. "ப்ரிஃபர்" வினைச்சொல். ஒப்பீடு அதன் பொருளுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதனால் "ஐ ப்ரிஃபர் மோர்" என்பதும், "மோர் ப்ரெஃபரபிள்" என்பதும் ஒரே வேலைக்கு இரண்டு ஆளைப் போடுவது மாதிரி. அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் "ஐ மச் ப்ரிஃபர்" அல்லது "ஐ ஸ்ட்ராங்லி ப்ரிஃபர்" சொல்லலாம். லத்தீன் வழி வந்த "சீனியர்", "ஜூனியர்", "சுப்பீரியர்", "இன்ஃபீரியர்", "ப்ரயர்" எல்லாமும் "டு" தான் எடுக்கும். இந்த வரிசையை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் போதும்.

இலக்கணத்தை விட மோசமான பிழை ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தமிழில் பிடிக்காதது முதலில் வரும், பிடித்தது பிறகு வரும்: "நைட் ஷிஃப்டை விட மார்னிங் ஷிஃப்ட்." ஆங்கிலத்தில் வரிசை தலைகீழ். தமிழ் வாக்கியத்தை அப்படியே வரிசை மாறாமல் பெயர்த்தால் "ஐ ப்ரிஃபர் நைட் ஷிஃப்ட் டு மார்னிங் ஷிஃப்ட்" என்று வந்து நிற்கும். இலக்கணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது, திருத்துபவர் கண்ணுக்கும் தப்பிவிடும். ஆனால் எழுதியவருக்குக் கிடைப்பது இரவு வேலை! "தேன்" போட்டாலாவது சொல்ல வந்தது புரிந்துவிடும். வரிசை மாறினால் பொருளே கவிழ்ந்துவிடும். எழுதி முடித்ததும் "ப்ரிஃபர்" என்ற சொல்லை ஒட்டி நிற்பது பிடித்ததா, பிடிக்காததா என்று ஒருமுறை விரல் வைத்துப் பாருங்கள்.

இரண்டில் எது என்று ஒருவரைத் தேர்வு செய்யச் சொல்லிக் கேட்கும்போது "டு" போய்விடும். "டூ யூ ப்ரிஃபர் டீ ஆர் காஃபி?" என்றுதான் கேட்க வேண்டும். அங்கே இன்னும் எதுவும் எதற்கும் முன்னால் வைக்கப்படவில்லையே.

மெய்ப்புத் திருத்தி:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

"ஐ ப்ரிஃபர்" என்பது பொதுவான இயல்பு, வழக்கம். "ஐ ப்ரிஃபர் டீ" என்றால் என்றைக்கும் எனக்கு டீதான். "ஐ வுட் ப்ரிஃபர் டீ" என்றால் இப்போது, இந்த வேளைக்கு டீ கொடுங்கள். யாராவது "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கும்போது "ஐ ப்ரிஃபர் டீ" என்று பதில் சொன்னால் தவறில்லை. ஆனால் கேட்டதற்கு விடை சொல்லாமல் தன் குணத்தை விவரிப்பது போல ஒலிக்கும். பேச்சில் "வுட்" சுருங்கி "ஐட் ப்ரிஃபர்" ஆகிவிடும். அந்த "ட்" காதில் விழாமல் நழுவுவதால்தான் பலருக்கு இரண்டும் ஒன்று என்று தோன்றுகிறது.

பின்னால் வினைச்சொல் வரும்போதுதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பொது இயல்பைச் சொல்லும்போது "ஐ ப்ரிஃபர் வாக்கிங்" என்றும் சொல்லலாம், "ஐ ப்ரிஃபர் டு வாக்" என்றும் சொல்லலாம். ஆனால் "வுட் ப்ரிஃபர்" வந்தால் "டு வாக்" வடிவத்தையே வையுங்கள். அங்கே "வாக்கிங்" இயல்பாக இருக்காது.

இரண்டு செயல்களை ஒப்பிட வேண்டுமா? "ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டிரைவிங்" சரி. "ஐ ப்ரிஃபர் வாக்கிங் டு டிரைவ்" தவறு. இங்கே உள்ள "டு" வினையெச்சத்தின் "டு" இல்லை, முன் சொன்ன "க்கு". அதற்குப் பின் பெயர்த்தன்மை உள்ள சொல்தான் நிற்கும், எனவே "டிரைவிங்". "டு வாக்" என்று ஆரம்பித்துவிட்டால் "ஐ ப்ரிஃபர் டு வாக் டு டு டிரைவ்" என்று இரண்டு "டு" முட்டிக்கொள்ளும். அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த இடத்தில் "ராதர் தேன்" துணைக்கு வரும்: "ஐ ப்ரிஃபர் டு வாக் ராதர் தேன் டிரைவ்." ஆக, "ப்ரிஃபர்" உள்ள வாக்கியத்தில் "தேன்" வரவே கூடாது என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். "ராதர்" முன்னால் நின்றால் வரும்.

"வுட் ராதர்" பேச்சுக்கு நெருக்கமானது, "வுட் ப்ரிஃபர்" கொஞ்சம் மரியாதையானது. பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. உள்ளமைப்புதான் வேறு. "வுட் ராதர்" அடுத்து "டு" இல்லாத வெறும் வினை, பிறகு "தேன்", பிறகு மீண்டும் வெறும் வினை: "ஐட் ராதர் வாக் தேன் டிரைவ்." இந்த "தேன்" தான் பக்கத்து வீட்டுக்கு நுழைந்து "ப்ரிஃபர்" வாக்கியத்தையும் கெடுத்துவிடுகிறது என்பது என் கணிப்பு.

செய்யப்போவது வேறு ஆள் என்றால் இன்னொரு மாற்றம். "நீங்கள் நாளை வந்தால் தேவலை" என்பதற்கு "ஐட் ராதர் யூ கேம் டுமாரோ." நாளைக்கு வருவதற்கு எதற்கு "கேம்" என்று எல்லாரும் திகைக்கும் இடம் இது. தமிழைப் பாருங்கள். "வந்தால்" என்ற சொல்லிலும் "வந்த்" என்று இறந்தகால அடிதானே இருக்கிறது? நாளைக்கு நடக்கப்போவதைத்தான் அதால் சொல்கிறோம். இரண்டு மொழியும் நடக்காததைச் சொல்ல இறந்தகாலத்தைக் கடன் வாங்குகின்றன. இதையே "ப்ரிஃபர்" வைத்துச் சொன்னால் "ஐட் ப்ரிஃபர் இட் இஃப் யூ கேம் டுமாரோ" அல்லது "ஐட் ப்ரிஃபர் யூ டு கம் டுமாரோ." முதல் வடிவத்தில் நடுவே உள்ள "இட்" விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்துபோன விஷயம் என்றால் "ஐ வுட் ஹாவ் ப்ரிஃபர்ட் தி ட்ரெயின்". ரயிலில் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும், போகவில்லை என்ற பொருள்.

சொல்தேடி:

இருவருக்கும் நன்றி. "க்கு முன்னால்" என்ற விளக்கம் உடனே பிடிபட்டது. இன்னும் சில சந்தேகங்கள். "ஐ ஆம் ப்ரிஃபரிங்" சொல்லலாமா? "ஐ டோன்ட் ப்ரிஃபர் காஃபி" என்று நிறையப் பேர் சொல்கிறார்களே, அது சரியா? எழுத்துக்கூட்டலில் ஓரிடத்தில் இரண்டு ஆர், ஓரிடத்தில் ஒரு ஆர் ஏன்? கட்டுரைகளில் "டு" இல்லாமல் "ஓவர்" வருகிறதே, அது எந்தக் கணக்கு?

வேர்பிடித்தவர்:

"ஐ ஆம் ப்ரிஃபரிங்" வேண்டாம். "லைக்", "வான்ட்", "நோ" (தெரியும் என்ற பொருளில்) போல இது மனநிலையைச் சொல்லும் வினை, நடந்துகொண்டிருக்கும் செயல் இல்லை. தமிழில் "விரும்பிக்கொண்டிருக்கிறேன்" எப்படி உறுத்துகிறதோ அப்படித்தான் அதுவும்.

"ஐ டோன்ட் ப்ரிஃபர் காஃபி" என்பவர்கள் சொல்ல நினைப்பது "காப்பி பிடிக்காது" என்பதை. அதற்கு "ஐ டோன்ட் லைக்" இருக்கிறது. "ப்ரிஃபர்" என்றாலே எதற்கு முன்னால் எது என்ற கேள்வி வரும். இன்னொன்று வாக்கியத்தில் இல்லாவிட்டாலும் சூழலில் இருக்க வேண்டும். கடையில் சிவப்பும் நீலமுமாக இரண்டு சட்டை எதிரில் இருந்தால் "ஐ ப்ரிஃபர் தி ரெட் ஒன்" என்று நிறுத்திக்கொள்ளலாம், நீலம் கண்முன்னே இருக்கிறது. பணிவாக மறுக்க வேண்டுமென்றால் "நாட்" என்பதை "ப்ரிஃபர்" சொல்லுக்குப் பின்னால் தள்ளுங்கள்: "ஐட் ப்ரிஃபர் நாட் டு." படிவங்களில் பார்க்கும் "ப்ரிஃபர் நாட் டு சே" இதுதான். சொல்ல முடியாது என்று முகத்தில் அடிக்காமல், சொல்லாமல் இருப்பதைத் தேர்கிறேன் என்கிற நயம் அதில் இருக்கிறது.

எழுத்துக்கூட்டலுக்கு ஒரே விதி: அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேளுங்கள். "ப்ரி-ஃபர்" என்பதில் இரண்டாம் அசையில் விழுகிறது. விகுதி சேர்ந்த பிறகும் அழுத்தம் அங்கேயே இருந்தால் ஆர் இரட்டிக்கும்: "ப்ரிஃபர்ட்", "ப்ரிஃபரிங்". அழுத்தம் முதல் அசைக்கு ஓடிவிட்டால் ஒரே ஆர்: "ப்ரெஃபரன்ஸ்", "ப்ரெஃபரபிள்". "ரிஃபர்ட்" இரண்டு, "ரெஃபரன்ஸ்" ஒன்று. ஆனால் "ரிஃபரல்" மறுபடி இரண்டு, ஏனென்றால் அழுத்தம் இரண்டாம் அசையிலேயே நிற்கிறது. "டிஃபர்ட்", "இன்ஃபர்ட்" என்று ஒத்திவைத்தல், ஊகித்தல் பொருளில் வருபவையும் இப்படியே. "ஆஃபர்", "சஃபர்" இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில் என்பதால் "ஆஃபர்ட்", "சஃபர்ட்" ஒரே ஆர். இவை எல்லாமே அந்தத் "தூக்கிச் செல்வது" என்ற வேரில் பிறந்த பங்காளிகள்தான்.

"ஓவர்" தவறில்லை. அமெரிக்க எழுத்தில் நிறைய வரும். செயப்பாட்டு வினையில், அதாவது "இஸ் ப்ரிஃபர்ட் ஓவர்" என்று, எல்லா இடத்திலும் பழகிவிட்டது. உண்மையில் சில இடங்களில் "ஓவர்" தான் காப்பாற்றும். "ஐ ப்ரிஃபர் கோயிங் டு தி பீச் டு கோயிங் டு தி பார்க்" என்பதை வாய்விட்டுப் படியுங்கள். மூன்று "டு", எது வாக்கியத்தைப் பிரிக்கும் "டு" என்று தெரிவதற்குள் மூச்சு முட்டுகிறது. நடுவிலுள்ளதை "ஓவர்" ஆக்கினால் தெளிந்துவிடும். தேர்வுத்தாளில் மட்டும் "டு" எழுதிவிடுங்கள், மதிப்பெண்ணுக்கு ஆபத்தில்லை.

பெயர்ச்சொல்லாக மாறும்போது முன்னிடைச்சொற்கள் மாறும், கவனம். பிடித்ததற்கு முன்னால் "ஃபார்", மற்றதற்கு முன்னால் "ஓவர்": "எ ப்ரெஃபரன்ஸ் ஃபார் டீ ஓவர் காஃபி." "கிவ் ப்ரெஃபரன்ஸ் டு" என்றால் அது ஒருவருக்குச் சலுகை கொடுப்பது, "டு" அங்கே சலுகை பெறுபவரைக் காட்டும். வினையில் "டு" பின்தள்ளப்பட்டதைக் காட்டியது, இங்கே முன்தள்ளப்பட்டதைக் காட்டுகிறது.

பெயர்ப்பு மேசை:

தமிழ்ப் பகுதியை யாரும் தொடவில்லை. என் பங்குக்கு.

அகராதியின் மூன்று சொற்களும் அரைகுறைப் பொருத்தம்தான். "விரும்பு" அகலமான சொல். "லைக்", "வான்ட்", "விஷ்" எல்லாவற்றையும் அதுவே சுமக்கிறது, ஒப்பீடு அதில் இல்லை. அதனால் "அதிகம் விரும்பு", "பெரிதும் விரும்பு", "இன்னதை விட" என்று ஏதாவது ஒன்று கூடவே வர வேண்டும். "தேர்ந்தெடு" என்பது செயல், "சூஸ்" என்பதற்கு உரியது. "ப்ரிஃபர்" மனத்தோடு நிற்பது. மனம் ஒன்றை நாடும், கை இன்னொன்றை எடுக்கும். விலை அதிகம் என்பதால் பிடித்த சட்டையை விட்டுவிட்டு மலிவானதை வாங்கினால், "ப்ரிஃபர்" செய்தது ஒன்று, "சூஸ்" செய்தது வேறு. அந்த வாக்கியத்தில் இரண்டுக்கும் "தேர்ந்தெடு" போட்டால் வாசகருக்கு ஒன்றுமே விளங்காது.

"முன்னுரிமை" உரிமை சம்பந்தப்பட்டது. யாருக்கு முதலில் கிடைக்க வேண்டும் என்ற வரிசை அது. "ப்ரயாரிட்டி" என்பதற்கும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். "நான் டீக்கு முன்னுரிமை கொடுக்கிறேன்" என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. யாரும் வாயால் அப்படிச் சொல்வதில்லை.

வாயால் என்ன சொல்கிறோம்? "எனக்கு டீதான்." முடிந்தது. அந்த ஒட்டுச்சொல் "தான்" மற்றதை எல்லாம் ஒதுக்கித் தள்ளிவிடுகிறது. "எதுவும் பரவாயில்லை, டீ என்றால் நல்லது" என்பது அதைவிட மென்மையான "ஐட் ப்ரிஃபர்." இரண்டுமே அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஒன்று கொஞ்சம் குறைவான தொல்லை என்றால் "அதுக்கு இது தேவலை", "அதற்கு இது மேல்." கவனித்தீர்களா, இங்கே "விட" இல்லாமல் "க்கு" வருகிறது! மேலே சொன்ன "டு" விளக்கத்துக்கு நம் பேச்சிலேயே சான்று இருக்கிறது.

"வுட் ராதர்" என்பதற்குத் தமிழில் அச்சு அசலாக ஓர் அமைப்பு உண்டு. பெயர்ப்பவர்கள் அதை எடுத்தாளாமல் "நான் அதைவிட இதையே செய்ய விரும்புவேன்" என்று கட்டை போலப் பெயர்க்கிறார்கள். "இங்கே காத்துக் கிடப்பதற்கு நடந்தே போய்விடலாம்." "அவனிடம் கேட்பதற்குக் கேட்காமலே இருக்கலாம்." "-வதற்கு" முதலில், "-லாம்" கடைசியில். பிடிக்காதது நான்காம் வேற்றுமையில், பிடித்தது முடிவில். இன்னும் காட்டமாக வேண்டுமென்றால் "பட்டினி கிடந்தாலும் கிடப்பேன், அவனிடம் போய் நிற்க மாட்டேன்." இந்த வரியை ஆங்கிலமாக்கச் சொன்னால் "ஐட் ராதர் ஸ்டார்வ்" என்றுதான் வரும். அப்படியானால் திரும்பி வரும்போதும் இதே வழியில் வர வேண்டியதுதானே.

"ப்ரெஃபரப்ளி" வந்தால் "விரும்பத்தக்க வகையில்" என்று எழுதாதீர்கள். "முடிந்தால்" போதும். ஆறு மணிக்குள் வாருங்கள், முடிந்தால் ஐந்துக்கே. மென்பொருளில் வரும் "ப்ரெஃபரன்சஸ்" என்ற பட்டியலுக்கு "விருப்பத்தேர்வுகள்" என்று தமிழ் இடைமுகங்களில் நிலைத்துவிட்டது. நல்ல சொல், மாற்ற வேண்டியதில்லை.

வழக்குமொழி:

ஒரு சிறு மறுப்பு. "முன்னுரிமை" என்பதை முழுக்க ஒதுக்க முடியாது. "ப்ரெஃபரன்ஸ் ஷேர்" என்பது முன்னுரிமைப் பங்குதான், அங்கே அது சரியான சொல். சாதாரணப் பங்குதாரருக்கு முன்பே இவர்களுக்கு ஈவுத்தொகை போகும். நிறுவனம் கலைக்கப்பட்டால் முதலைத் திரும்பப் பெறுவதிலும் இவர்களே முன்னால். மனத்தின் நாட்டம் இதில் எதுவுமில்லை, வரிசை உரிமை மட்டுமே.

நீதிமன்ற ஆங்கிலம் வாசிப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நல்லது. "ப்ரிஃபர்ட் அன் அப்பீல்" என்றால் மேல்முறையீட்டை விரும்பினார் என்று பொருள் இல்லை, மேல்முறையீடு செய்தார். "ப்ரிஃபர் சார்ஜஸ்" என்றால் குற்றச்சாட்டை முறைப்படி முன்வைப்பது. அந்தப் பழைய "முன்னால் கொண்டு வைத்தல்" என்ற பொருள் சட்டமொழியில் இன்றும் உயிரோடு இருக்கிறது. இவற்றை "விரும்பினார்" என்று பெயர்த்தால் தீர்ப்பின் பொருளே சிதைந்துவிடும்.

பெயர்ப்பு மேசை:

ஒப்புக்கொள்கிறேன். பங்கு, ஒதுக்கீடு, வரிசை, சட்டம் என்று உரிமை பேசும் இடத்தில் "முன்னுரிமை" இருக்கட்டும். சுவையும் நாட்டமும் பேசும் இடத்தில் மட்டும் வேண்டாம் என்பதே என் வாதம்.

சொல்தேடி:

கடைசியாக ஒன்று. வேலை அறிவிப்புகளில் "ரிக்வயர்ட்" என்று ஒரு பட்டியலும் "ப்ரிஃபர்ட்" என்று ஒரு பட்டியலும் இருக்கின்றன. இரண்டாவது பட்டியலில் உள்ளது இல்லையென்றால் விண்ணப்பிக்கக் கூடாதா?

மெய்ப்புத் திருத்தி:

தாராளமாக விண்ணப்பிக்கலாம். "ரிக்வயர்ட்" என்றால் கட்டாயம், இல்லாவிட்டால் தொடக்கத்திலேயே தள்ளிவிடுவார்கள். "ப்ரிஃபர்ட்" என்றால் இருந்தால் நல்லது. இரண்டு பேர் மற்ற தகுதிகளில் சமமாக நிற்கும்போது அது உள்ளவரை முன்னால் வைப்போம் என்பதுதான் அதன் பொருள். தமிழில் அறிவிப்பு எழுதுபவர்கள் இரண்டையும் "தகுதிகள்" என்று ஒரே தலைப்பில் கொட்டிவிடுவதால் தகுதியுள்ள பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். "கட்டாயத் தகுதி", "கூடுதல் தகுதி" என்று பிரித்துப் போட்டால் குழப்பம் வராது.

அந்த அறிவிப்புக்குப் பதில் எழுதும்போது, முதல் கேள்வியில் இருந்த வாக்கியத்தை இப்படி முடித்துக்கொள்ளலாம்: "ஐ வுட் ப்ரிஃபர் தி மார்னிங் ஷிஃப்ட், பட் ஐ கேன் வொர்க் நைட்ஸ் இஃப் நீடட்." ஒரு குறிப்பிட்ட வேலைக்கான பதில் என்பதால் "வுட்" வேண்டும், "ஷிஃப்ட்" முன்னால் "தி" வேண்டும். இரவு வேலையைப் பின்பாதியில் சொல்லிவிட்டதால் "டு", "தேன்" இரண்டுக்குமே இங்கே வேலையில்லை.